ஸ்பிரிங், கேஸ், சிலிண்டர், தோட்டா: சென்னையில் எந்தத் துப்பாக்கியை வாங்கலாம்?

துப்பாக்கி வாங்குவது பற்றி என்னிடம் யோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகையினர். பள்ளிப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்ட பிள்ளையின் பெற்றோர் ஒரு வகை. என்.சி.சி. முகாமில் பிடித்த ரைஃபிளை ஓய்வு பெற்ற பிறகும் மறக்காதவர்கள் இன்னொரு வகை. தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கியை வைத்துக்கொள்வதா, ஒப்படைப்பதா என்று தவிப்பவர்கள் மூன்றாவது வகை. மூவரும் முதலில் கேட்பது கம்பெனிப் பெயரைத்தான். அது கடைசியாகத் தீர்மானிக்க வேண்டிய விஷயம் என்பது என் கருத்து. இத்தனை ஆண்டுகளில் நான் வாங்கிப் பழகியவற்றில் மனம் நிறைந்தவை எல்லாம் இந்த நகரத்துக்குள்ளேயே வாராவாரம் கையில் எடுக்க முடிந்தவை. ஏமாற்றம் தந்தவற்றில் பாதிக்கு மேல் இயந்திரமாகக் குறை சொல்ல முடியாதவை. அவற்றைச் சுட இடமோ, நேரமோ, தோட்டாவோ கிடைக்கவில்லை என்பதுதான் சிக்கல்.

ஆகவே, எந்த வகை யாருக்குப் பொருந்தும் என்று பார்க்கும் முன் எதை வைத்து எடைபோடுவது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

## எடைபோடும் அளவுகோல்கள்

முதலாவது சட்டம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும், குண்டு குழல்வாயை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்றின் நகலையும் முகவரிச் சான்றின் நகலையும் கடையில் கொடுத்துவிட்டு, ரசீதோடு எடுத்து வரலாம். இவ்விரண்டு எல்லைகளில் ஒன்றைத் தாண்டினாலும் அது உரிமத்துக்குரிய ஆயுதம் ஆகிவிடும் என்பதால், 5.5 மில்லிமீட்டர் குழல் கொண்ட ஏர் ரைஃபிளை யாராவது “சும்மாதான் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்” என்று நீட்டினால் கை நீட்ட வேண்டாம். போட்டித் துப்பாக்கிகளின் ஆற்றல் ஏழெட்டு ஜூலுக்குள் அடங்கிவிடுவதால் இந்த வரம்பு போட்டிக்காரர்களை உறுத்துவதில்லை. ‘பவர்’ எவ்வளவு என்று கேட்டு வருபவர்களைத்தான் உறுத்துகிறது. அவர்களில் பலர் குரங்கையோ புறாவையோ மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடைச் சட்டமும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கும் நாட்டில் அந்தத் தேவைக்கு நான் சொல்லக்கூடிய துப்பாக்கி எதுவும் இல்லை.

இரண்டாவது அளவுகோல் இடம். இதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக மதிப்பெண் தருகிறேன். எழும்பூரில் சென்னை ரைஃபிள் கிளப், வேளச்சேரியில் குருநானக் கல்லூரியின் சுடுதளம், இவை போக ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து நடத்தும் சிறு பயிற்சி மையங்கள் என்று பத்து மீட்டர் சுடுவதற்கு இந்த நகரத்தில் வழி உண்டு. தூரம் ஐம்பது மீட்டர் என்றாகும்போது தேர்வுகள் சட்டென்று சுருங்கிவிடுகின்றன. பறக்கும் தட்டைச் சுடும் ட்ராப் பந்தயத்துக்கு ஊருக்குள் இடமே கிடையாது. மொட்டை மாடியில் பத்து மீட்டர் அளந்து சுட்டுக்கொள்ளலாமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்ல வேண்டும்: சாதாரண ஏர் ரைஃபிளின் குண்டு, சற்று மேல்நோக்கிச் சுடப்பட்டால், முந்நூறு மீட்டருக்கு அப்பாலும் போய் விழும். சென்னையின் எந்த மாடியிலிருந்தும் அந்த வட்டத்துக்குள் குறைந்தது ஒரு பள்ளிக்கூடமாவது இருக்கும்.

மூன்றாவது, முழுச் செலவு. துப்பாக்கியின் விலை அதில் ஒரு பகுதி மட்டுமே. குண்டு, காற்று நிரப்பும் வழி, உடை, சுடுதளக் கட்டணம், பெட்டி, பழுது பார்க்க வெளியூருக்கு அனுப்பும் கூலி எல்லாம் சேர்ந்ததுதான் உண்மையான விலை. நான்காவது, வெற்றுப் பயிற்சி. குண்டு போடாமல், காற்றும் இல்லாமல், வெறும் குறியும் விசையுமாக வீட்டுச் சுவரைப் பார்த்துப் பழகுவதை எங்கள் வட்டாரத்தில் ‘டிரை’ என்பார்கள். வாரத்துக்கு ஒரு நாள் சுடுதளத்துக்குப் போகிறவர் மீதி நாட்களில் முன்னேறுவது இதனால்தான். எந்தத் துப்பாக்கியில் டிரை செய்ய முடியும், எதில் கூடாது என்பதைக் கடைக்காரர் தாமாகச் சொல்வதில்லை.

ஐந்தாவது, கடல் காற்று. திருவான்மியூரில் ஒரு வீட்டில் வெறுங்கையால் பிடித்த குழலைத் துடைக்காமல் அப்படியே பெட்டியில் வைத்து, இரண்டு நாள் கழித்துத் திறந்து பாருங்கள். விரல் ரேகை ஒவ்வொன்றும் ஆரஞ்சு நிறத்தில் அச்சடித்தாற்போலத் துருவாக நிற்கும். ஸ்பாஞ்சு வைத்த அழகான பெட்டி அதற்கு இன்னும் உதவி செய்யும், ஏனென்றால் ஸ்பாஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பையோடு பீரோவில் வைப்பதே மேல். ஆறாவதாக மறுவிற்பனை மதிப்பையும் பார்க்க வேண்டும். அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

| வகை | உரிமம் | முதல் செலவு | மறைந்திருக்கும் செலவு | டிரை பயிற்சி | சென்னையில் சுட இடம் |
|---|---|---|---|---|---|
| ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் | வேண்டாம் | குறைவு | ஸ்கோப் (தொலைநோக்கிக் குறி), சீல் (காற்று கசியாமல் தடுக்கும் அடைப்பு), ஸ்பிரிங் | கூடாது | உண்டு |
| கேஸ் பிஸ்டல் | வேண்டாம் | குறைவு | கேஸ் குப்பி | மாடலைப் பொறுத்தது | உண்டு, ஆனால் பயன் குறைவு |
| இந்தியத் தயாரிப்பு பிசிபி (முன்கூட்டியே காற்று அடைத்த துப்பாக்கி) | வேண்டாம் | நடுத்தரம் | பம்பு, ஓரிங் (ரப்பர் வளையம்), ஈரம் | மாடலைப் பொறுத்தது | உண்டு |
| சிலிண்டர் வைத்த போட்டித் துப்பாக்கி | வேண்டாம் | மிக அதிகம் | சிலிண்டர் ஆயுள், உடை | உண்டு | உண்டு |
| ஒற்றை அழுத்தத் துப்பாக்கி | வேண்டாம் | நடுத்தரம், பழையது மட்டும் | சீல் மாற்றுதல் | பெரும்பாலும் உண்டு | உண்டு |
| உரிமத் துப்பாக்கி | வேண்டும் | அதிகம் | நேரம், தோட்டா, ஒப்படைப்பு | மருந்தில்லாப் பயிற்சித் தோட்டா வைத்து | மிகக் குறைவு |

## ஸ்பிரிங் ஏர் ரைஃபிள்

கடைக்குள் நுழைந்ததும் கைக்கு வருவது இதுதான். குழலை மடக்கும்போது உள்ளே ஸ்பிரிங் சுருங்கும். விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னே பாய்ந்து காற்றை அழுத்த, குண்டு பறக்கும். பிரிசிஹோல் போன்ற இந்திய நிறுவனங்களின் ரைஃபிள்கள் முதல் ஜெர்மனியின் டயானா 34 வரை அடிப்படை ஒன்றே. மெரினாவில் பலூன் சுடுவதற்கு நீட்டப்படும் துப்பாக்கியும் இந்தக் குடும்பம்தான். அதன் குறிமுள் ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பது கடைக்காரருக்கு மட்டுமே தெரிந்த தொழில் ரகசியம்.

சிலிண்டரும் பம்பும் வேண்டாம். ஒரு டின் குண்டு இருந்தால் போதும் என்பது இதன் பெரும் பலம். பலவீனம் அதன் அதிர்வு. பிஸ்டன் பாயும்போது துப்பாக்கி முதலில் பின்னுக்கும், பிஸ்டன் முட்டி நின்றதும் முன்னுக்குமாக இரண்டு முறை உதறுகிறது. அந்த உதறல் தொடங்கும்போது குண்டு இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. எனவே துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கிறவருக்குக் குண்டுகள் சிதறும்; உள்ளங்கையில் தளர்வாகக் கிடத்தி, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதற விடுகிறவருக்குக் கூடி விழும். இதைக் கற்றுக்கொண்டவர் வேறு எந்தத் துப்பாக்கியையும் எளிதாகக் கையாள்வார் என்பது உண்மைதான். ஆனால் பதினோரு வயதுப் பிள்ளைக்கு இந்தப் பாடத்தை முதல் பாடமாக வைப்பது சற்றுக் கடுமை.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது ஸ்கோப். முன்னும் பின்னும் உதறும் துப்பாக்கிக்கென்று செய்யப்படாத மலிவான ஸ்கோப்பை மாட்டினால், அதனுள் இருக்கும் குறுக்குக் கம்பி சீக்கிரமே தளர்ந்து, எந்தப் பக்கம் திருகினாலும் குறி நிற்காமல் போகும். நான் வாங்கியவற்றில் ஆக மோசமான பொருள் எது என்றால், ரைஃபிளோடு ‘ஃப்ரீ’ என்று கொடுக்கப்பட்ட அப்படியொரு ஸ்கோப்தான். இரண்டாவது செலவை நாமே வரவழைத்துக்கொள்கிறோம். வீட்டில் இருக்கும் தையல் மெஷின் எண்ணெயைக் காற்றறைக்குள் இரண்டு சொட்டு விட்டால், பிஸ்டன் அழுத்தும் வெப்பத்தில் அந்த எண்ணெய் டீசல் எஞ்சினில் எரிவதைப் போலப் பற்றிக்கொள்ளும். பட்டாசு போன்ற சத்தமும் குழல்வாயில் புகையும் வந்து, வாங்கியவர் துப்பாக்கிக்கு வலு கூடிவிட்டது என்று மகிழும் நேரத்தில் உள்ளே சீல் கருகிக்கொண்டிருக்கும். புதுத் துப்பாக்கியில் முதல் டின் முடியும்வரை லேசான புகை வருவது இயல்பு. அதற்கு மேல் வந்தால் யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

டிரை பயிற்சிக்கு இது அறவே ஆகாது. குண்டு இல்லாமல் விசையை இழுத்தால் பிஸ்டனுக்கு எதிரே அணைகட்டும் காற்று மெத்தை இல்லாமல் அது நேராக உலோகத்தில் மோதும்.

பள்ளி விளையாட்டுப் போட்டிகளில், குழல் மேலுள்ள சாதாரணக் குறிமுள்ளை வைத்தே சுடும் ‘ஓப்பன் சைட்’ என்று தனிப் பிரிவே இருப்பதால், அதில் இறங்கிப் பார்க்க நினைக்கும் மாணவருக்கும், போட்டி நோக்கமே இல்லாமல் சொந்தத் தோப்பில் தகர டப்பாவைச் சுட்டு மகிழ நினைப்பவருக்கும் இதுவே சரி. விற்கப்போனால் பாதி விலைகூடக் கிடைப்பது அரிது என்பதை நினைவில் வைத்து, அளவான விலையில் வாங்க வேண்டும்.

## கேஸ் பிஸ்டல்

பன்னிரண்டு கிராம் கரியமில வாயுக் குப்பியைப் பிடிக்குள் செருகிச் சுடும் இந்த வகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிராது. ஆனால் சென்னை வெயில் இதைச் சுவாரசியமாக்கிவிடுகிறது. குப்பிக்குள் திரவமாக இருக்கும் வாயுவின் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. 20 டிகிரி செல்சியஸில் சுமார் 57 பாராக இருப்பது 30 டிகிரியில் 72 பார் அளவுக்கு ஏறும். 31 டிகிரியைத் தாண்டினால் கரியமில வாயு திரவமாகவே இருக்க முடியாது. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி பகல் வெப்பம் அந்த எல்லைக்கு மேலேதான். அதனால் ஏப்ரல் மாதக் காலை ஏழு மணிக்குச் சரிசெய்த குறி பதினொரு மணிக்கு நிற்காது. வேகமாக அடுத்தடுத்துச் சுட்டாலோ நேர்மாறாக வாயு விரிந்து பிஸ்டலே குளிர்ந்து, பின்னால் வரும் குண்டுகள் தாழ்ந்து விழும்.  

ஒரு குப்பி ஐம்பது சுடுகைக்குப் பக்கமாக வரும். பயிற்சி என்று உட்கார்ந்தால் ஒரு காலையில் இரண்டு குப்பி காலி. குண்டைவிடக் குப்பிக்கே அதிகம் செலவாகும். இவற்றில் பெரும்பாலானவை போலீஸ் பிஸ்டலைப் பார்த்துச் செய்யப்பட்ட அச்சு நகல்கள் என்பது வாங்கும்போது கவர்ச்சியாகவும், பையில் வைத்துக்கொண்டு மெட்ரோ நிலையத்துக்குள் நுழையும்போது பெரும் தலைவலியாகவும் இருக்கும். உரிமம் தேவையில்லை என்ற சட்ட நியாயம் பக்கத்தில் நிற்கும் பயணியின் அச்சத்தைப் போக்காது.

வெளிப்படையாகச் சொன்னால், என்னிடம் வந்துபோனவற்றில் மிக விரைவில் சலித்தது இதுதான். வீட்டுக்குள் ஐந்து மீட்டரில், தகுந்த தடுப்பு வைத்து, பொழுதுபோக்காகச் சுட நினைக்கும் பெரியவர்களுக்கு மட்டும் பொருந்தும். போட்டிக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு “இப்போதைக்கு இது” என்று வாங்கித் தர வேண்டாம். இதில் பழகும் கனமான விசை பிறகு மறக்க வேண்டிய பழக்கமாகிவிடும்.

## இந்தியத் தயாரிப்பு பிசிபி

துப்பாக்கியோடு இணைந்த சிறு சிலிண்டரில் 200 பார் அளவுக்குக் காற்றை முன்கூட்டியே அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுடுகைக்கும் சிறிது சிறிதாக விடுவது பிசிபி. பிஸ்டன் இல்லை, உதறல் இல்லை. ஸ்பிரிங் ரைஃபிளிலிருந்து வந்தவருக்கு முதல் பத்துக் குண்டுகள் ஒரே துளையில் விழுவதைக் கண்டு தன் கையையே நம்ப முடியாது. கடந்த சில ஆண்டுகளில் இந்திய நிறுவனங்களே 20 ஜூல் வரம்புக்குள் இவற்றைச் செய்து தருவது பெரிய மாற்றம். உதிரி பாகமும் ஓரிங்கும் உள்நாட்டிலேயே கிடைக்கின்றன.

கேள்வி காற்று எங்கிருந்து வரும் என்பது. கைப்பம்பு ஒரு வழி. 150 பாருக்கு மேல் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் உடம்பின் முழு எடையையும் கைப்பிடியின் மேல் சாய்க்க வேண்டியிருக்கும். முதுகுவலிக்காரர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும். இன்னொரு சிக்கல் நம் ஊர்க் காற்று. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் நிரப்பி முடித்து, பம்பின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தினால் ‘புஸ்’ என்ற காற்றோடு தண்ணீர் துளிகள் தரையில் தெறிக்கும். வடிகட்டி இல்லாவிட்டால் அதில் ஒரு பங்கு சிலிண்டருக்குள் போய் உட்காரும். ஆகவே ஈரம் உறிஞ்சும் வடிகட்டியையும் பம்பின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். கம்ப்ரசர் வாங்கினால் உழைப்பு மிச்சம், ஆனால் அதன் விலை துப்பாக்கியின் விலையை நெருங்கும். முக்குளிப்போர் பயன்படுத்தும் சிலிண்டரில் காற்றை வாங்கி வைத்து அதிலிருந்து நிரப்புவது பயிற்சி மையங்களின் வழக்கம். மையத்தில் உறுப்பினராகிவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தெரிந்த மருத்துவமனையிலோ வெல்டிங் பட்டறையிலோ ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறது, அதிலிருந்து நிரப்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. உயர் அழுத்த ஆக்ஸிஜன் உள்ளே இருக்கும் மசகோடு சேர்ந்தால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும்.

துல்லியத்தை அனுபவிக்க வேண்டும், ஆனால் லட்சங்களைக் கொட்ட முடியாது என்பவருக்கு இன்றைய நிலையில் இதைவிட நல்ல புதுத் துப்பாக்கி இல்லை. ஒலிம்பிக் முறைப் போட்டிக்கு இது போதாது. பெரும்பாலானவை ஸ்கோப் மாட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியில்லை.

## சிலிண்டர் வைத்த போட்டித் துப்பாக்கி

சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் வெண்கலம் வென்றார். 2024 பாரிஸில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்றார். தொலைக்காட்சியில் எதைப் பார்த்ததோ அதையே பிள்ளை கேட்கும். பெற்றோர் முடிவெடுக்கும் முன் ரைஃபிளா, பிஸ்டலா என்பதன் செலவு வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது.

ரைஃபிளின் இலக்கில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பொட்டு. குண்டே அதைவிட ஒன்பது மடங்கு அகலம். அந்தப் பொட்டைத் தொட, உடம்பை அசையாமல் தாங்கும் தடித்த கான்வாஸ் சட்டை, கால்சட்டை, கையுறை, தட்டையான அடிப்பாகம் கொண்ட காலணி எல்லாம் வேண்டும். நல்ல உடைத் தொகுதிக்கு ஆகும் தொகையில் ஓர் இந்தியப் பிசிபி வாங்கிவிடலாம். வளரும் பிள்ளைக்கு அந்தச் சட்டை இரண்டாண்டில் பத்தாமல் போகும். குளிர்சாதனம் இல்லாத கூடத்தில் மே மாதம் அதை மாட்டிக்கொண்டு 75 நிமிடத்தில் 60 குண்டு சுடுவது தனி விரதம். பிஸ்டலின் பத்து வட்டம் 11.5 மில்லிமீட்டர். பெரிதாகத் தோன்றினாலும் ஒன்றரைக் கிலோ வரை எடையுள்ள கருவியை ஒற்றைக் கையால் நீட்டிப் பிடித்து, குறைந்தது 500 கிராம் அழுத்தம் கேட்கும் விசையை இழுக்க வேண்டும் என்பதால் கடினத்தில் குறைவில்லை. ஆனால் உடை என்று பார்த்தால் ஒரு ஜோடிக் காலணியோடு முடிந்துவிடும். செலவை மட்டும் அளவுகோலாக வைத்தால் பிஸ்டலே முந்தும்.

வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ், ஸ்டெயர், மொரினி, பார்டினி என்று எந்தப் பெயரைச் சொன்னாலும் சுடும் தரத்தில் தொடக்கநிலையாளர் கண்டுபிடிக்கக்கூடிய வேறுபாடு கிடையாது. பொருத்தத்தில் வேறுபாடு உண்டு. பிஸ்டலின் மரப்பிடி கைக்கு ஏற்ற அளவில் இல்லாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்ததும் வீண்; உள்ளங்கைச் சதை எங்கே அழுந்துகிறது என்று பார்த்து மரத்தைச் செதுக்கியோ, மக்கு வைத்து நிரப்பியோ சரிசெய்து தருபவர்கள் ஒவ்வொரு சுடுதளத்திலும் ஒருவராவது இருப்பார்கள்.

பழையதாக வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை இங்கேதான் அதிகம். சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் தேதியை முதலில் பாருங்கள். தயாரிப்பாளர்கள் அதற்கு வைக்கும் ஆயுள் பொதுவாகப் பத்தாண்டு. அது முடிந்த சிலிண்டரைப் பெரிய போட்டிகளில் ஏற்கமாட்டார்கள், பத்திரமும் அல்ல. எட்டு வயதுச் சிலிண்டரோடு வரும் ரைஃபிளின் விலையில் புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும். காற்று நிரப்பும் அடாப்டர் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அது கூட வருகிறதா என்று கேளுங்கள். ரைஃபிளில் பின்புறத் துளைக்குறியைத் தனியே கழற்றி விற்றுவிட்டு மீதியைக் கொடுப்பவர்கள் உண்டு. வலக்கை, இடக்கை வேறுபாட்டைப் பாருங்கள். இறக்குமதிச் சலுகையில் வந்திருந்தால், விற்பதற்கு நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்று ஆவணத்தோடு கேளுங்கள். இவை சரியாக இருந்தால், நான்காண்டு பயன்படுத்தி விற்றாலும் பெரிய இழப்பு வராத ஒரே வகை இதுதான்.

மாநிலப் போட்டியில் ஒரு முறையாவது சுட்டு, மறு ஆண்டும் தொடர விரும்பும் பிள்ளைக்கு இதை வாங்கலாம். அதற்கு முன் மையத்தின் துப்பாக்கியே போதும்.

## ஒற்றை அழுத்தத் துப்பாக்கி

நான் மிகவும் விரும்புவது கடைகளில் புதிதாகக் கிடைக்காத இந்த வகை. நெம்புகோலை ஒரே ஒரு முறை திறந்து மூடினால், ஒரு சுடுகைக்கு வேண்டிய காற்று அழுந்தி நிற்கும். ஃபைன்வெர்க்பாவ் 600 வரிசை ரைஃபிள்களும் வால்தர் எல்.ஜி.ஆரும் ரஷ்யாவின் ஐ.இசட்.ஹெச். 46 பிஸ்டலும் இப்படி இயங்குபவை. சிலிண்டருக்கு ஆயுள் முடியுமே என்ற கவலை இல்லை, சிலிண்டரே இல்லை. பம்பு இல்லை, குப்பி இல்லை, உதறலும் இல்லை. விசை போட்டித் தரத்தில் இருக்கும். டிரை பயிற்சிக்கென்று தனி ஏற்பாடும் பெரும்பாலானவற்றில் உண்டு. மாடிப்படி ஏறி வந்த களைப்போடு சிலிண்டரில் காற்று இருக்கிறதா என்று பார்க்காமல், எடுத்த கையோடு சுடலாம் என்பது எத்தகைய விடுதலை என்பதைச் சிலிண்டர்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

குறைகள் இரண்டு. நெம்புகோலைத் தள்ளும் உழைப்பு சிறு பிள்ளைக்கு அதிகம். அறுபது முறை தள்ளிய பின் தோள் நடுங்கினால் குறி எப்படி நிற்கும்? அடுத்து, சீல் கெட்டுவிட்டால் உதிரிக்கும் அதை மாற்றத் தெரிந்த கைக்கும் தேட வேண்டும். வாங்கும் முன் நெம்புகோலை மூடி, ஒரு நிமிடம் காத்திருந்து, பிறகு சுட்டுப் பாருங்கள். உடனே சுட்டதைவிடக் குண்டு தாழ்ந்து விழுந்தால் காற்று கசிகிறது. பழைய வீரர்கள் எப்போதாவதுதான் இவற்றை விற்பார்கள். கிடைத்தால், போட்டிக் கனவு அவ்வளவாக இல்லாத பெரியவர்கள் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

## உரிமத் துப்பாக்கிகள்

இவற்றை ஒரே தலைப்பில் அடைப்பது நியாயமில்லைதான், ஆனால் ரிவால்வர், .22 ரைஃபிள், இரட்டைக் குழல் மூன்றுக்கும் பொதுவான சுமை ஒன்றே. முகவரி சென்னை, ஆவடி, தாம்பரம் என எந்தக் காவல் ஆணையரகத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே விண்ணப்பம், காவல்துறை விசாரணை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, பிறகு காத்திருப்பு. 2019 சட்டத்திருத்தத்துக்குப் பின் உரிமத்தின் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீண்டது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. விளையாட்டு வீரர்களுக்குத் தனி வரம்புகள் உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்தால் காவல் நிலையத்திலோ விற்பனையாளரிடமோ ஒப்படைத்துவிட்டு, முடிவுகள் வந்த பிறகு திரும்பப் பெற வேண்டியிருக்கும். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று நம் நாட்காட்டியில் தேர்தலுக்குப் பஞ்சமில்லை.

தற்காப்புக்கென்று .32 (குழல் விட்டம், அங்குலத்தில்) ரிவால்வர் வாங்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒரு கேள்வி: அதை எங்கே, மாதத்துக்கு எத்தனை முறை சுட்டுப் பழகுவீர்கள்? படைத்துறை பயன்படுத்தும் 9 மி.மீ. தோட்டா குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்டது என்பதால்தான் நம் நாட்டில் .32 இவ்வளவு பரவியிருக்கிறது. 2014இல் கான்பூரில் பெண்களுக்கென்று வெளியிடப்பட்ட நிர்பீக் ரிவால்வர் அரைக் கிலோ எடையும் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் விலையுமாக வந்தது. எடை குறைந்தது சுமப்பவருக்கு வசதி, ஆனால் எடை குறையக் குறையச் சுடும் கைக்கு உதைப்பு கூடும். தோட்டாவின் ஆண்டு எண்ணிக்கைக்கும் உரிமத்தில் வரம்பு உண்டு. பழகாத கையில் இரவு இரண்டு மணிக்கு எடுக்கப்படும் ரிவால்வர், வீட்டில் இருப்பவர்களுக்கே ஆபத்து. எனக்குத் தெரிந்த உரிமையாளர்கள் பலருடைய ரிவால்வர் வங்கிப் பெட்டக நகையைப் போல, பார்த்து வைத்துப் பூட்டுவதோடு சரி. உண்மையான அச்சுறுத்தல் உள்ளவர் வாங்கட்டும். கௌரவத்துக்கு என்றால் அந்தப் பணத்தில் நல்ல ஏர் பிஸ்டலும் நாலைந்து வருடக் குண்டும் வரும்.

.22 ரைஃபிள் சுடுவதற்கு மிக இனிமையானது. ஆனால் ஐம்பது மீட்டர் தளத்தில் இடமும், சங்கத்தின் வழியாகத் தோட்டாவும் கிடைக்கும் வாய்ப்பு உறுதியான பிறகே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். ஏர் ரைஃபிளில் தேறியவர்களுக்கு அடுத்த படி இது, தொடங்குபவர்களுக்கு அல்ல.

மிச்சம் இருப்பது தாத்தாவின் பன்னிரண்டு ‘போர்’ (குழல் விட்டத்தின் அளவு) இரட்டைக் குழல். இதை யாரும் தேர்ந்தெடுத்து வாங்குவதில்லை, வந்து சேர்கிறது. உரிமதாரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டு, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தோடு உங்கள் பெயரில் விண்ணப்பிக்கலாம். உரிமதாரர் இருக்கும்போதே, அவருக்கு எழுபது வயது நிறைந்திருந்தாலோ அவர் அதை இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றிக்கொள்ள 2016 விதிகளில் வழி இருக்கிறது. இதை அறியாமல் கடைசிவரை காத்திருந்து அலைபவர்கள் அதிகம். ட்ராப் பந்தயத்தில் இறங்கும் எண்ணத்தோடு இதை வைத்துக்கொள்ள வேண்டாம். 2024 பாரிஸில் அந்தப் பிரிவில் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமானின் ஊரான புதுக்கோட்டை போல, சுடுதளம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்களின் நிலை வேறு. சென்னை அடுக்ககத்தில் இருப்பவருக்கு அது குடும்பச் சொத்தாக மட்டுமே இருக்கும். அந்த அளவில் மதிப்பதானால் உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே வைத்திருக்கலாம், இல்லையேல் விற்பனையாளரிடம் கொடுத்துவிடலாம்.

வைத்துக்கொள்வதென்று முடிவெடுத்தால், ஒரு தோட்டாவைக்கூட வாங்கும் முன் குழலைத் திறந்து அதன் அடிப்பக்கத்தில் உள்ள முத்திரைகளைப் பாருங்கள். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்று விற்கும் தோட்டா பெரும்பாலும் 70 மில்லிமீட்டருக்கானது. அது சிக்கலின்றி உள்ளே போய் உட்காரும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். குழலின் மேல் மரத்தின் ரேகைபோல அலையலையான கோலம் தெரிந்தால் அது இரும்புப் பட்டைகளை முறுக்கி ஒட்டிச் செய்த, கரிமருந்துக் காலத்து டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். புகையில்லா மருந்து அடைத்த இன்றைய தோட்டாவை, அதற்கான சோதனை முத்திரை இல்லாத அந்தக் குழலில் போடவே கூடாது. முத்திரை தேய்ந்து படிக்க முடியாமல் இருந்தால், துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அறையை அளவுகோலால் அளக்கச் சொல்லுங்கள். அதுவரை தோட்டா வாங்க வேண்டாம்.